ஊற்று வளைவுக்கு ஏறிய தண்ணீர்

சன்னாசியின் பழைய ஜீப்பிலிருந்து வடித்த, என்ஜின் சூட்டைத் தணிக்கிற கூலன்ட், தரையில் விழுந்ததும் சாக்கடையைப் பார்த்து ஓடாமல் மலையைப் பார்த்து ஏறத் தொடங்கிய அன்று வெள்ளிக்கரட்டில் ஏலக்காய் விலை சரிந்திருந்தது. அதனால் சாயங்காலம் வரை அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை.

வெள்ளிக்கரடு மலையடிவாரத்து ஊர். விடிந்தும் விடியாமலும் பெண்கள் தூக்குவாளியும் தலைத்துண்டுமாக வந்து ஜீப்புகளில் அடைந்துகொள்வார்கள், ஜீப்புகள் வளைவு வளைவாக மூச்சிரைத்து ஏறி அவர்களை ஏலத்தோட்டங்களில் இறக்கிவிடும், பொழுது சாயும்போது திரும்ப அள்ளிக்கொண்டு வரும்; அந்த ஊரின் அடுப்பும் கல்யாணமும் கோயில் கொடையும் இந்த ஏற்ற இறக்கத்தில்தான் நடந்தன. சாலை மேலேறத் தொடங்கும் இடத்தில், ஊரின் கடைசிக் கட்டடமாக, தவசியின் பட்டறை இருந்தது. ஊரில் ஓடிய அத்தனை ஜீப்புக்கும் அவன்தான் மெக்கானிக்.

"மாப்ள, ரெண்டு வளைவுக்கு ஒருக்கா கொதிச்சு நின்னுருது. பொம்பளைக என்னையப் பேசாத பேச்சில்ல. என்னான்னு பாரு" என்று சன்னாசி அன்று காலையில் வண்டியைக் கொண்டுவந்து விட்டான்.

"பழசை வடிச்சுட்டுப் புதுக் கூலன்ட் ஊத்திருவோம் மாமா" என்றான் தவசி. எப்போதும் சொல்வதுதான்.

என்ஜின் ஆறும் வரை காத்திருந்தான். நனைந்த சாக்கைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தான். அடியில் ஒரு பிளாஸ்டிக் பேசினைத் தள்ளிவிட்டு, தானும் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தான். ரேடியேட்டரின் கீழ்த்தொட்டி முழுக்க உப்பு பூத்து, ஈயம் பற்றவைத்த இடமெல்லாம் அரித்து, வடிக்கிற திருகு எது தொட்டி எது என்று தெரியாதபடி ஒட்டிக் கிடந்தது. குறட்டால் பிடித்து ஒரு கால் திருப்புத்தான் திருப்பினான், பொரித்த அப்பளம் போல நொறுங்கித் திருகு கையோடு வந்துவிட்டது.

"என்னாடா, கையோட வந்துருச்சு?"

"அரிச்சுப் போச்சு மாமா. பழைய வண்டில்ல."

அவ்வளவு துருவுக்குள்ளிருந்து செங்காவியாகத்தான் தண்ணீர் வரும் என்று தவசி எதிர்பார்த்திருந்தான், அவனுக்கு அதற்குக் காரணமும் தெரியும். வந்ததோ கொழுந்து வெற்றிலை நிறத்தில், அவன் ஊற்றிய அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே வந்தது. பேசின் நிறைந்தது. வழிந்தது. வழிந்த தண்ணீர் பட்டறை வாசலில் கொஞ்சம் நின்று, யோசிக்கிற மாதிரி இருந்துவிட்டு, சாலையின் ஓரமாக மேலே ஏறிற்று.

வேப்பங்குச்சியைச் சீவி அடைத்தான். குச்சி மெதுவாக வெளியே வந்து விழுந்தது. சோப்பைப் பிசைந்து வைத்தான். சோப்பு நுரைத்துக்கொண்டு மலையேறிப் போயிற்று. ஒழுகுகிற ரேடியேட்டருக்கு அந்த ஊரில் எல்லோரும் செய்வது போல மேலே மஞ்சள் தூளைக் கொட்டினான். தண்ணீர் இன்னும் கொஞ்சம் இளம்பச்சையானது, வேறொன்றும் ஆகவில்லை. எவ்வளவு வடிந்தாலும் ரேடியேட்டர் கழுத்து வரை நிறைந்தே இருந்தது.

"இருக்கட்டும் மாப்ள, அதுவா தீரட்டும்" என்று சன்னாசி டீக்கடைக்குப் போனான்.

அது தீரவில்லை. விறகுக்கட்டோடு நடக்கிற பெண்ணின் வேகத்தில், ஒரு சாண் அகலத்தில், நாளுக்கு ஒரு வளைவாக முனை நீண்டு, அது மலையேறிக்கொண்டே இருந்தது, ஊரும் அதற்குத் தக்கபடி தன்னைச் சரிசெய்துகொண்டது. டீக்கடைக்காரர் பெஞ்சை எடுத்து எதிர்ப்பக்கம் போட்டார். கோயிலுக்குப் போகிறவர்கள் தாண்டுவதற்குப் பஞ்சாயத்தில் ஒரு பலகைக் கல் போட்டார்கள். வாழைமட்டையில் வைத்து அனுப்பினால் வழியிலுள்ள கீழ்த்தோட்டத்துக்குச் செய்தித்தாள் கட்டு பஸ்ஸுக்கு முன்னால் போய்ச் சேருகிறது என்று ஒருவர் கண்டுபிடித்தார், பிறகு பீடிக்கட்டும் வெற்றிலையும் அப்படியே போயின. நெடுஞ்சாலைத் துறையிலிருந்து வந்த பொறியாளர் முக்காலியை நட்டுக் கருவியில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, தண்ணீர் போகிற திசையே பள்ளம் என்பதால் இந்தச் சாலை உச்சி வரை இறக்கமாகவே இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தார். டிரைவர்கள் அதைக் கேட்டு ஒரு வாரம் சிரித்தார்கள். சோதனைக்காக ஒரு பாட்டிலில் பிடித்து ஜில்லா தலைநகருக்குக் கொண்டுபோனார்கள். அடைத்த மூடி அடைத்தபடி இருக்க, போய்ச் சேரும்போது பாட்டில் காலியாக இருந்தது. மலையைவிட்டு இறங்க அதற்கு மனமில்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள், இன்னொரு பாட்டில் யாரும் பிடிக்கவில்லை. பூசாரி சன்னாசியின் பானட்டில் மஞ்சள் துணி ஒன்றைக் கட்டினார். வண்டி ஓடாவிட்டாலும் சன்னாசிக்கு ஊரில் மரியாதை கூடியிருந்தது. பட்டறை முன் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு ரேடியேட்டரைத் திறந்து காட்டினான்.

யாரும் அதைத் தொடவில்லை. கூலன்ட் விஷம் என்பது அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிய வைத்தவன் தவசி.

அவன் ஊற்றியது கூலன்டே இல்லை. பல வருஷத்துக்கு முன்பு, வர வேண்டிய கூலன்ட் வராமல் போன ஒரு நாள், அவசரத்துக்கு நின்ற ஒரு ஜீப்புக்குப் பட்டறையின் ஆழ்துளைப் போர்க் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, கலர் அப்பளம் போடுகிறவர்கள் வாங்கும் பச்சைப் பொடியில் ஒரு சிட்டிகை கலக்கி ஊற்றினான், நாளைக்கு மாற்றிவிடலாம் என்று. நாளைக்கு அந்த ஜீப் வரவில்லை, வேறு ஜீப் வந்தது. அப்படியே பழகிவிட்டது. மண்டையோட்டுப் படம் போட்ட பழைய கேன் ஒன்று அலமாரியில் எப்போதும் நிற்கும், அதில் நிரப்பி, அதிலிருந்தே எல்லோர் கண்முன்னும் ஊற்றுவான். அந்த ஊர்ப் போர்த் தண்ணீர், பானையில் வைத்தாலே உப்புப் படியும் தண்ணீர். அது ரேடியேட்டருக்குள் கிடந்து என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரியும். கூலன்ட் என்றால் துரு பிடிக்க விடாது, சீக்கிரம் கொதிக்கவும் விடாது. இந்தத் தண்ணீர் துருவும் பிடிக்க வைத்தது, சீக்கிரம் கொதிக்கவும் வைத்தது. யாருக்கும் சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று, பட்டறைப் பக்கம் ஆடு வந்தாலும் "விஷம், விஷம்!" என்று கத்திக்கொண்டு ஓடி விரட்டுவான். வடித்த தண்ணீரைத் தொட்ட பிள்ளைகளின் கையைச் சோப்புப் போட்டு அவனே கழுவிவிடுவான். எவ்வளவு கருத்தான மனுசன் என்று ஊர் பேசிக்கொண்டது.

தண்ணீர் எங்கே போகிறது என்பதும் அவன் ஒருவனுக்குத்தான் தெரிந்திருந்தது.

மலையின் நடுப்பாதியில் ஊற்று வளைவு என்று ஒரு திருப்பம். பாறையிலிருந்து மூங்கில் குழாய் வழியாக ஊற்றுத் தண்ணீர் ஒரு கல் தொட்டியில் விழும். போன வருஷம் மழைக்காலத்தில் சன்னாசியின் ஜீப் கொதித்து நின்றது அங்கேதான். நேரம் தவறினால் கங்காணி அத்தனை பெண்களையும் திருப்பி அனுப்பிவிடுவான் என்ற பதற்றத்தில், முன் சீட்டிலிருந்த மாயக்காள் இறங்கி, எப்போதும் செய்வது போல, ஊற்றில் நனைத்த சாக்கைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினாள். மூடி பறந்தது. கொதித்த தண்ணீர் அவளுடைய வலது கையையும் கழுத்தின் ஒரு பக்கத்தையும் எடுத்துக்கொண்டது. விரல்கள் மடங்கிப்போன கையால் ஏலக்காய் கிள்ள முடியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அதே வளைவில், அதே ஊற்றுத் தண்ணீரில், டீக்கடை போட்டாள்.

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தவசி நாள்தோறும் பாலும் ரொட்டியும் கொண்டுபோனான். ஆனால் அதற்கு முன்னால், செய்தி வந்த அந்த நிமிஷத்தில், டீக்கடையில் எல்லோரும் நிற்கும்போது, "சூடா இருக்கையில மூடியத் திறக்கலாமா? இதுகூடவா தெரியாது?" என்று முதலில் சொன்னவனும் அவன்தான். ஊர் அதையே எடுத்துக்கொண்டது. பிறகு யார் மாயக்காளைப் பற்றிப் பேசினாலும், பாவம் என்று தொடங்கி, அவளுக்கு ஆனாலும் அவசரம் என்று முடித்தார்கள்.

தண்ணீர் ஊற்று வளைவுக்குப் போய்ச் சேர்ந்தது. சாலையைக் குறுக்கே கடந்து, கல் தொட்டியின் விளிம்பேறி, உள்ளே இறங்கிற்று. அதற்கு மேல் ஓரடிகூட ஏறவில்லை. தொட்டி பச்சையானது.

"மாயக்கா கடைப் பக்கம் ஒரு வண்டி நிக்க மாட்டேங்குது" என்றான் சன்னாசி, பட்டறையில் உட்கார்ந்துகொண்டு. "தினமும் பாலைக் காய்ச்சுறா, தினமும் கீழ ஊத்துறா. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லல. அதான் மாப்ள எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. என் வண்டியில வெந்தா, இப்ப என் வண்டித் தண்ணியில பொழப்பும் போகுது."

தவசி ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அது துடைத்த ஸ்பேனர்தான்.

பஞ்சாயத்துத் தலைவர் செந்தட்டிக்காளை மந்தையில் கூட்டம் போட்டார். ஊற்றுத் தண்ணீர்தான் வழியில் போகிற பெண்களுக்குக் குடிதண்ணீர், அதில் விஷம் கலந்து யாருக்காவது ஒன்று ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது, ஆகவே தொட்டியையும் குழாயையும் சிமெண்ட் வைத்து மூடிவிடலாம், டீக்கடையையும் எடுக்கச் சொல்லிவிடலாம் என்றார். சொல்லிவிட்டு, முறைப்படி கேட்க வேண்டும் என்று தவசியின் பக்கம் திரும்பினார்.

"ஏப்பா தவசி, இதுல நாங்க என்னாத்தக் கண்டோம். நீதான் சொல்லணும். அது விஷந்தானா?"

அத்தனை முகமும் திரும்பியது. டிரைவர்கள் ஒரு பக்கமாக நின்றார்கள், எல்லோரும் அவனிடம் வண்டியை விட்டவர்கள். சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான்.

"விஷந்தான்" என்றான் தவசி.

மூடுவதற்கு வெள்ளிக்கிழமை என்று முடிவானது.

அன்றிலிருந்து அவனுக்குத் தண்ணீர் இறங்கவில்லை. தம்ளரைக் கையில் எடுத்தால் உள்ளே இருப்பது பச்சையாகத் தெரியும், கீழே வைத்தால் வெள்ளையாகிவிடும். சோறு குழைவாகக் கேட்டான், ரசம் ஊற்றிப் பிசைந்துகொண்டான், இரண்டு வாயோடு தட்டைத் தள்ளிவிட்டான். அவன் மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சூடில்லையே என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை தவசி பட்டறையைத் திறக்காமல் தண்ணீரோடு கூடவே நடந்து மலையேறினான். அது அவனுக்கு முன்னாலும் போகாமல் பின்னாலும் தங்காமல் பக்கத்தில் வந்தது. அவன் மூச்சு வாங்க நின்றபோது அதுவும் நின்றதாகப் பின்னால் சொன்னவர்கள் உண்டு.

ஊற்று வளைவில் கூட்டம் இருந்தது. கொத்தனார் மணலைச் சலித்துக்கொண்டிருந்தார். செந்தட்டிக்காளை குடையை ஊன்றி நின்றார். சன்னாசி மஞ்சள் துணி கட்டிய வண்டிக்காரன் என்ற முறையில் வந்திருந்தான். தோட்டத்துக்குப் போகிற ஜீப் ஒன்று கொதித்துப்போய் ஓரமாக ஆவி விட்டுக்கொண்டிருக்க, அதில் வந்த பெண்கள் இறங்கித் தடுப்புச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மாயக்காள் கடையைப் பிரிக்கவில்லை. அடுப்பு எரிந்தது.

"வாங்க தவசிண்ணே" என்றாள். "சிமெண்டு குழைக்கத் தண்ணி வேணுமாம், தொட்டியிலயே எடுத்துக்கலாமான்னு கொத்தனாரு கேக்குறாரு. விஷத்துல குழைச்சா இறுகுமா? நீங்கதான விவரம் தெரிஞ்சவுக."

தவசி பலகையிலிருந்து ஒரு தம்ளரை எடுத்தான். தொட்டியில் முக்கினான். அந்த நிறத்தை ஒரு தடவை பார்த்தான், அண்ணாந்து குடித்தான்.

"ஏய் மாப்ள!" என்று சன்னாசி கத்தினான். "ஆத்தாடி, ஆத்தாடி" என்று பெண்கள் சுவரிலிருந்து குதித்தார்கள். அதற்குள் அவன் இன்னொரு தம்ளரும் முக்கிக் குடித்துவிட்டான். பிறகு கடை பெஞ்சில் போய், கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"வண்டிய எடுங்கடா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கடா!" என்றார் செந்தட்டிக்காளை.

"வண்டி கொதிச்சு நிக்குது தலைவரே, ஆறணும்."

"உன் வண்டி எங்கய்யா சன்னாசி?"

"அது இவன் பட்டறையிலதான தலைவரே கிடக்கு, இந்தத் தண்ணிய வடிச்சுக்கிட்டு!"

வேறு வண்டி இல்லை. ஆகவே கூட்டம் அவனைச் சுற்றி நின்று காத்திருந்தது. ஒருத்தி புளியைக் கரைத்து வாந்தி எடுக்கக் கொடுத்தாள், அவன் வேண்டாம் என்று தலையசைத்தான். கொத்தனார் சல்லடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தலைவர் குடையை விரித்து அவனுக்கு நிழல் பிடித்தார். பெண்களில் ஒருத்தி, வயதானவள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "நல்ல மனுசன், ஒரு ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தீங்கு வரக் கூடாதுன்னு ஓடி ஓடி விரட்டுவாரு. மாயக்கா படுத்துக் கிடந்தப்பப் பாலும் ரொட்டியுமா நடந்தாரே" என்று இழுக்கத் தொடங்கினாள், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். செத்தவனை வைத்துக்கொண்டு பேசுவதையெல்லாம் அவனை உட்கார வைத்துக்கொண்டே பேசினார்கள். தவசி அத்தனையும் கேட்டான். குடித்தது எதுவும் செய்யவில்லை, இதுதான் உள்ளே போய் எரிந்தது.

வெயில் சாலை முழுக்க ஏறியது. தவசி ஒரு ஏப்பம் விட்டான். யாரோ தெரியாமல் சிரித்துவிட்டார்கள். ஒப்பாரி அப்படியே நின்றது.

சன்னாசி அவன் முகத்தைப் பார்த்தான். ஆவி விட்டுக்கொண்டிருந்த ஜீப்பைப் பார்த்தான். தொட்டியைப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கிட்டே வந்து குனிந்தான்.

"மாப்ள. இது என் வண்டியில நீ ஊத்துனதுதான?"

"நான் ஊத்துனதுதான் மாமா."

"கூலன்ட்தான?"

தவசி தொட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அப்ப நீ ஏன்டா சாகல?"

அந்தக் கேள்வி ஒரு ஆளிடமிருந்து அடுத்த ஆளுக்குப் போவதை எல்லோரும் பார்த்தார்கள். ஜீப் ஓட்டி வந்தவன் தன் வண்டியின் ஆவியைத் திரும்பிப் பார்த்தான். தலைவர் குடையை மடக்கினார். வயதான பெண் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். இத்தனை வருஷம் இந்தச் சாலையில் எந்தெந்த வளைவில் நின்றோம், எத்தனை தடவை கங்காணி திருப்பி அனுப்பினான், எத்தனை வண்டியில் ரேடியேட்டர் அரித்துப்போனது என்று அவரவர் மனசுக்குள் ஓடியது. யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே எல்லோருக்கும் ஒரே இடத்தில் வந்து முடிந்தது.

மாயக்காள் அடுப்பைவிட்டு வந்தாள். எப்போதும் கையை மூடியிருக்கும் சேலைத் தலைப்பை அன்றுதான் விலக்கினாள். மடங்கிய விரல்களோடு அந்தக் கையை அவன் முன்னால் நீட்டினாள்.

"அன்னைக்கு என் மேல கொதிச்சது போர்த் தண்ணியா?"

"ஆமாத்தா."

"உள்ளதை ஊத்தியிருந்தா?"

"அவ்வளவு சீக்கிரம் கொதிச்சிருக்காது."

"அப்ப என் மேல தப்பில்ல."

"இல்ல. நான்தான் அப்படிப் பேசிட்டேன்."

அவன் அடியை எதிர்பார்த்தான், காறித் துப்பினாலும் சரி என்றிருந்தது. அவள் பெண்களின் பக்கம் திரும்பினாள்.

"கேட்டுக்கிட்டீகளாடி?"

"கேட்டோம்க்கா."

"எல்லாரும் கேட்டீகளா?"

"கேட்டோம்."

அவ்வளவுதான் கேட்டாள். அவன் குடித்த தம்ளரை எடுத்துக் கழுவிக் கவிழ்த்தாள். குடத்தைத் தொட்டியில் முக்கி, பச்சை தெரியத் தெரிய அடுப்பிலிருந்த பாத்திரத்தில் ஊற்றி, கொதிக்க வைத்து, தூளைப் போட்டு, யாருக்கு டீ வேண்டும் என்று கேட்டாள். வயதான பெண் முதலில் கையை நீட்டினாள். பிறகு கொத்தனார், பிறகு மற்றவர்கள். செந்தட்டிக்காளை ஊதி ஊதிக் குடித்துவிட்டு, சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்றார். எல்லோருக்கும் கொடுத்தாள். பெஞ்சில் இருந்தவனுக்குக் கொடுக்கவில்லை, அவனும் கேட்கவில்லை. சன்னாசி டீயை வாங்கி, ஒரு வாய்கூடக் குடிக்காமல், அவளுடைய கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

தவசி எழுந்து இறங்கி நடந்தான். யாரும் தடுக்கவில்லை, கூடவும் வரவில்லை.

முதல் திருப்பத்தில் காலடியில் ஈரம் பட்டுக் குனிந்து பார்த்தான். தண்ணீர் திரும்பியிருந்தது. எல்லாத் தண்ணீரையும் போல அது இப்போது இறக்கத்தில் ஓடியது, நிறமெல்லாம் போய், அடியில் கிடந்த கல் தெரிந்தது. மேலே ஏறியபோது இருந்த நிதானம் அதற்கு இப்போது இல்லை. அவனைத் தாண்டி, அடுத்த வளைவையும் தாண்டி, அவன் எவ்வளவு எட்டி நடந்தாலும் பிடிக்க முடியாதபடி ஊரைப் பார்த்துப் போயிற்று.

அவன் கடைசி வளைவில் திரும்பியபோது பட்டறையிலிருந்து கோயில் வரை ஜீப்புகள் வரிசையாக நின்றன. எல்லாவற்றின் பானட்டும் திறந்திருந்தது. அவனுக்கு முன்னாலேயே சேதியைக் கொண்டுவந்துவிட்ட தண்ணீர், நிறமில்லாமல், வரிசையின் ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர்கள் ரேடியேட்டர் மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவன் வருகிற வழியைப் பார்த்து நின்றார்கள். ஒவ்வொரு வண்டிக்கும் அடியில் ஒரு பேசின் இருந்தது.

தவசி பட்டறையைத் திறந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, குறடு எடுத்துக்கொண்டு, முதல் ஜீப்பின் அடியில் மல்லாந்து படுத்தான்.